கொழுந்து கசங்காத வண்டி

அப்பா டயகமத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டினார். மலையில் நிறுத்துக் கட்டிய சாக்குகளை ஏற்றிக்கொண்டு ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையின் வாசலுக்கு வந்ததும், இறங்கி ஏதாவதொரு சாக்கின் வாயை அவிழ்த்து நடுவில் கையை விடுவார். உள்ளே சூடு தட்டினால் முகம் மாறிவிடும். பறித்த பிறகும் கொழுந்துக்கு உயிர் இருக்கிறது. அது மூச்சு விடும், அமுங்கினால் சூடேறும், கசங்கினால் கசங்கிய இடத்திலேயே சிவக்கத் தொடங்கிவிடும். ஸ்டோருக்குள் ரோலரில் அரைபட்ட பிறகு சிவக்க வேண்டிய இலை ரோட்டிலேயே சிவந்துவிட்டால், அந்தத் தேயிலையில் நிறமும் நிற்காது, வாசமும் நிற்காது. அதனால், குலுக்கலைத் தாங்குகிற லொறியின் பட்டை வில்லைப் பற்றி அப்பா பேசும்போது தேயிலையைப் பற்றித்தான் பேசுவார்.

அது ஒரு பெட்போர்ட் லொறி. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின, 1992இல் நிர்வாகம் திரும்பவும் கம்பெனிகளின் கைக்கு வந்தது. இரண்டு காலத்திலும் எங்கள் மலையில் கொழுந்து சுமந்தது அதே லொறிதான். மழை பெய்து கொழுந்து பொங்குகிற மாதங்களில் லொறி நிறைந்து வரும், வில் தாழ்ந்து மெத்தென்று இருக்கும். தை, மாசி வெயிலில் கொழுந்து குறைந்து பாதிப் பாரம் வரும்போதுதான் வண்டி துள்ளும். முழுப் பாரத்துக்கென்று கட்டிய வில் குறைந்த பாரத்தில் கட்டையாக நிற்கும் என்பதை நான் எட்டு வயதில் தெரிந்துகொண்டேன். அந்தக் காலத்தில் அப்பா கொல்லரிடம் சொல்லி ஒரு பட்டையைக் கழற்றி வைத்துவிடுவார். மழை வந்து கொழுந்து பொங்கத் தொடங்கியதும் அது திரும்ப ஏறும்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் ஒரு சிவப்பு நிற எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார். முப்பது வருடமாகக் கராஜ் வேலை செய்கிறேன். பெரும்பாலும் லொறி, வேன், திரீவீல். அந்தக் கார் என்னிடம் இருந்த பதினான்கு மாதத்தில் நான் கற்றுக்கொண்டது, அதற்கு முன் கற்றதைவிடக் கூட.

2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நின்றுபோனது. புதுக் கார் வாங்க நினைத்தவர்களெல்லாம் வீட்டில் கிடந்த பழைய காரைத் திரும்பிப் பார்த்தார்கள். 2021இல் ஒருநாள், முன்பு இந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் துரையாக, அதாவது மேனேஜராக, இருந்தவரின் மகள் வந்தார். பங்களாவில் வளர்ந்தவர் என்பதால் எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசுவார். நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னை பாஸ் என்பார். தகப்பன் விட்டுப்போன 1968ஆம் ஆண்டுக் காரை ஓட வைக்க வேண்டும் என்றார். என்ஜின் ஏற்கெனவே கொழும்பில் செய்தாயிற்று. "ஓடுது பாஸ். ஆனா தலவாக்கலையில இருந்து இங்க வந்து சேர்றதுக்குள்ள முதுகு விட்டுப் போகுது. முடக்குல திருப்புனா ஸ்டியரிங் ஒரு பக்கம், கார் ஒரு பக்கம்."

தலவாக்கலையிலிருந்து லிந்துல, அக்கரப்பத்தனை தாண்டி டயகமவுக்கு வருகிற ரோட்டை ஓட்டியவர்களுக்கு அந்த முதுகின் கதை தெரியும். ஒரு பக்கம் மலையை வெட்டிய மண், மறுபக்கம் தேயிலைச் சரிவு, கீழே ஆக்ரா ஓயா. தார் இருக்கிற இடத்தில் ஓரம் உடைந்திருக்கும். தோட்டத்துக்குள் திரும்பினால் கொங்கிரீட்டும் கல்லும் மாறி மாறி வரும். மேலே ஹோர்டன் சமவெளி. அங்கிருந்து இறங்குகிற மூடுபனி பகல் இரண்டு மணிக்கே ரோட்டை மூடிவிடும். எல்லா முடக்கிலும் ஈரம்.

நான் தொழில் பழகியது தலவாக்கலையில். என் பாஸ் ஒரு ஏப்ரல் சீசனில் கராஜ் பையன்களையெல்லாம் நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தைக் காட்டினார். தேயிலைக்குள் நின்று பார்த்தோம். மினி கார்கள் முடக்கில் திரும்பும்போது உள்பக்கத்துப் பின் சில்லு தரையை விட்டுத் தூக்கிக்கொண்டு சுற்றியது. நாங்கள் கை தட்டினோம். பாஸ் என் தலையில் ஒரு தட்டுத் தட்டி, "காரைப் பாக்காத, சில்லைப் பாரு. எது தரையில நிக்குது, எது நிக்கல, அத எண்ணு" என்றார். மினிக்கு முன் சில்லில்தான் இழுவை, அதனால் பின் சில்லு தூக்கினாலும் கார் போகும். பின் சில்லில் இழுவை உள்ள காருக்கு அதே காரியம் நடந்தால் சில்லு வெறுமனே சுழலும், கார் இழுவையை இழக்கும். எம்.ஜி.பி. பின் சில்லில் இழுக்கிற கார்.

காரை ஜாக்கியில் ஏற்றி அடியில் படுத்தேன். மழைக்காலம், புல்லில் இருந்த அட்டைகள் சட்டைக்குள் ஏறின. ஒரு லைட்டை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பார்த்ததில் எனக்கு ஆச்சரியம்தான். பின்பக்கத்தில் இருந்தது எங்கள் லொறியின் அதே அமைப்பு: நீள அச்சு, இரண்டு பட்டை வில், யூ பொல்ட், சங்கிலிக் கண்ணி. நம் ஊரில் வில்வண்டி என்றார்களே, அந்த வில்தான் இது. மணிக்கு நூறு மைல் ஓடுகிற ஸ்போர்ட்ஸ் காரின் அடியிலும் மாட்டு வண்டியின் அறிவு இருக்கிறது என்பதைப் பார்த்தபோது அந்தக் காரோடு எனக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது.

முன்பக்கம் வேறு. சுருள் வில், கீழே முக்கோணக் கை, மேலே தனிக் கை கிடையாது. சொக் அப்சோபரின் கையே மேல் கையாக வேலை செய்கிறது. இதன் மூலம் 1947இல் வந்த எம்.ஜி. வை டைப் காரில் இருக்கிறது. அலெக் இஸிகோனிஸும் ஜக் டானியல்ஸும் செய்த அமைப்பு அது. இதே இஸிகோனிஸ்தான் பிறகு மொரிஸ் மைனரையும் மினியையும் உருவாக்கினார். இலங்கையில் மைனர் கார் பார்க்காத மெக்கானிக் கிடையாது. ஒரே கையெழுத்து என்று சொல்லிவிடலாம். சொக்கின் கையே சில்லைத் தாங்குவதால், சொக் தேய்ந்தால் துள்ளுவது மட்டுமில்லை, சில்லின் சாய்வும் மாறும். மிஸ் சொன்ன "ஸ்டியரிங் ஒரு பக்கம், கார் ஒரு பக்கம்" இங்கேதான் தொடங்கியது. சில்லு திரும்புகிற கிங் பின்னுக்கு 3000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். யாரும் அடித்திருக்கவில்லை. நிப்பிளில் பெயிண்ட் மூடியிருந்தது.

புஷ் எல்லாம் போயிருந்தன. ஒரு காரில் ரப்பர் புஷ் என்பது மனித உடம்பில் முழங்கால் குருத்தெலும்பு போல. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது தேய்ந்தால் எலும்பு எலும்போடு பேசும். கொழும்பில் ஒரு கடையில் புஷ் செட் வாங்கினேன். பெட்டியில் நல்ல பெயர், உள்ளே கறுப்பாக, பளபளப்பாக இருந்தன. இரண்டு மாதத்தில் வெடித்து, விரலால் உதிர்க்கிற அளவுக்குப் போய்விட்டன. மிஸ்ஸிடம் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆசியாவில் முதன்முதலாக ரப்பர் மரம் நட்டது நம் கம்பஹாவில், ஹெனரத்கொட தோட்டத்தில், 1876இல். அப்படிப்பட்ட நாட்டில் ஒரு நல்ல ரப்பர் புஷ் கிடைக்காமல் நான் அலைந்தது இன்றும் மனதில் முள்ளாக இருக்கிறது.

பிறகு பொலியூரிதேன் புஷ் போடச் சொல்லி ஆளாளுக்கு யோசனை. அது கெட்டி, எண்ணெய் பட்டாலும் கெடாது, பந்தயக்காரர்கள் போடுவது. ஒரு பக்கத்துக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். வழுவழுப்பான ரோட்டில் ஸ்டியரிங் கூர்மையாக இருந்தது உண்மை. ஆனால் கொங்கிரீட் இணைப்பு ஒவ்வொன்றும் கைக்கு வந்தது, ஈரத்தில் கீச்சென்ற சத்தமும் வந்தது. கடைசியில் எம்.ஜி.பி. ஜி.டி. வி8 காருக்கென்று 1973இல் வந்த புஷ்ஷை வெளிநாட்டிலிருந்து ஒருவர் பையில் கொண்டுவந்து தந்தார். அது உள்ளே இரும்புக் குழாய், வெளியே இரும்பு வளையம், நடுவில் ரப்பர் ஒட்டியது. பழைய காரில் இருந்த இரண்டு துண்டு ரப்பரை விட உறுதி, பொலியூரிதேனை விட மென்மை. நம் மலை ரோட்டுக்கு இதைவிட நல்லது வேறில்லை என்பது என் முடிவு.

இதைப் போடுகிற இளம் மெக்கானிக்மார் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். கார் ஜாக்கியில் தொங்கும்போது பொல்ட்டை இறுக்கக் கூடாது. தொங்கும்போது கை கீழே சரிந்திருக்கும். அப்படியே இறுக்கினால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கின நிலையிலேயே இருக்கும், ஆறு மாதத்தில் கிழியும். பொல்ட்டைக் கையால் மட்டும் பூட்டி, காரை இறக்கி, சில்லில் பாரம் உட்கார்ந்த பிறகு அடியில் நுழைந்து இறுக்க வேண்டும். கஷ்டமான வேலை. ஆழமான குழி இல்லாத கராஜில் இன்னும் கஷ்டம். நான் தேயிலை ஸ்டோரில் கிடந்த பழைய பலகைகளை அடுக்கி அவற்றின் மேல் காரை ஏற்றினேன்.

சொக் விஷயத்தில் நான் பிழை செய்தேன். பின்பக்கத்தில் இருந்த லீவர் சொக்கைக் கழற்றிவிட்டு, பிராக்கெட் அடித்து, காஸ் நிரப்பிய நீளச் சொக் போட்டேன். படத்தில் பார்க்க அழகு. முதல் ஓட்டத்திலேயே அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு குழியில் பின் அச்சு முழுவதும் ஒரு முழம் பக்கவாட்டில் தாவியது. சொக் அவ்வளவு கட்டையாக இருந்ததில் சில்லு குழிக்குள் இறங்கவே இல்லை. குழியின் மேல் பறந்து அடுத்த விளிம்பில் மோதியது. மிஸ் ஒன்றும் சொல்லவில்லை. காரை ஓரங்கட்டி இறங்கி, சரிவின் கீழே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அன்றிரவு நான் தூங்கவில்லை.

சாதாரணக் காரின் உடலை நிமிடத்துக்கு 60 முதல் 90 தடவை ஆடும்படி வில்லை அமைப்பார்கள். அது மனிதன் நிதானமாக நடக்கிற தாளம், அதனால்தான் உடம்புக்கு ஒத்துப்போகிறது. பந்தயக் காரில் அது 120க்கு மேல் போகும், ஏனென்றால் பந்தய ரோடு சமமானது. நான் சமமான ரோட்டின் சாமானைச் சமமில்லாத ரோட்டில் பூட்டியிருந்தேன். காஸ் சொக்கைக் கழற்றினேன். பழைய லீவர் சொக்கை ஹட்டனில் லேத் வேலைக்குக் கொடுத்து, தண்டுக்குப் புதுப் புஷ், புதுச் சீல் போட்டு, உள்ளே மோட்டார் சைக்கிள் போர்க் ஒயில் நிரப்பினேன். முன்பக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் கடினமான வால்வு. காரின் மூலையை அமுக்கி விட்டால் ஒரு தடவை எழுந்து நிற்க வேண்டும். இரண்டாம் தடவை ஆடினால் ஒயில் போதாது. எழவே தயங்கினால் வால்வு அதிகம்.

முடக்கில் காரின் சாய்வைக் குறைக்கிற ஆன்டி ரோல் பார் கணக்கைத் தம்பிமாருக்காகச் சொல்கிறேன். முன்பக்கத்தில் இருந்த கம்பி 9/16 அங்குலம். எல்லாரும் 3/4 அங்குலம் போடு என்றார்கள். பார்க்க ஒரு நூல், இரண்டு நூல் வித்தியாசம். ஆனால் கம்பியின் முறுக்கு விறைப்பு அதன் தடிப்பின் நாலாம் அடுக்கில் கூடும். 9/16க்கும் 3/4க்கும் இடையில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். அதைப் போட்டு ஓட்டினால் கார் முடக்கில் சாயவே சாயாது, உண்மைதான். அதோடு ஈர முடக்கில் முன் சில்லு பிடிக்காமல் நேரே போகவும் பார்க்கும். இடது சில்லு குழியில் விழுந்தால் அந்த அடி கம்பி வழியாக வலது சில்லுக்கும் போகும். நம் ரோட்டில் குழி எப்போதும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். 5/8 அங்குலம் போட்டேன். ஒன்றரை மடங்கு விறைப்பு, போதும். 1975 மாடலில் கம்பெனியே செலவைக் குறைக்க இந்தக் கம்பியை எடுத்துவிட்டு, அமெரிக்கச் சட்டத்துக்காகக் காரை உயர்த்தியும் விற்றது. கார் படகு போல ஆடுகிறதென்று ஓட்டியவர்கள் குறைப்பட, 1977 மாடலில் முன்னும் பின்னும் கம்பி வந்தது. கூடினாலும் கெடுதி, இல்லாவிட்டாலும் கெடுதி.

இனி உள்பக்கம். டயகமவின் குளிரும் ஈரமும் ஒரு காரின் உள்பக்கத்தைத் தின்பதைப் பார்த்தால் வேதனையாக இருக்கும். தோல் சீட்டில் பச்சைப் பூஞ்சணம். குஷன் பஞ்சு மாவாகிவிட்டது. சீட்டுக்கு அடியில் மெத்தையைத் தாங்க ரப்பர் பட்டிகள் கட்டியிருப்பார்கள். அவை அறுந்து மிஸ் இரும்புச் சட்டத்தின் மேலேதான் உட்கார்ந்து வந்திருக்கிறார். முதுகு விட்டுப் போகாமல் என்ன செய்யும்? அவர் முதலில் சொன்ன குறைக்குப் பாதி மருந்து இங்கே இருந்தது. எனக்கு அது நாலு மாதம் கழித்துத்தான் புரிந்தது. மனுசன் உட்கார்கிற மெத்தைதான் வண்டியின் கடைசி வில்.

கார்ப்பெட்டைத் தூக்கினேன். அடியில் சணல் நம்தா, பிழிந்தால் தண்ணீர் வந்தது. அதன் கீழே தகடு சல்லடை. இந்தக் காருக்கு முதுகெலும்பு தனியாகக் கிடையாது, தரைத் தகடும் ஓரப் பெட்டியும்தான் சட்டம். தகடு போனால் எந்த வில்லும் வேலை செய்யாது. டிங்கர் வேலைக்கு மூன்று கிழமை. அதன் மேல் சணல் வேண்டாம் என்று உறுதியாக இருந்தேன். தண்ணீர் குடிக்காத ரப்பர் நுரை விரிப்புப் போட்டு, கார்ப்பெட்டை ஒட்டாமல் பொத்தானில் மாட்டினேன். மழை நாளில் கழற்றி அடுப்பங்கரையில் காய வைக்கலாம்.

சீட்டுக்காகக் கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போனேன். ஜப்பானிலிருந்து வந்த மஸ்டா ரோட்ஸ்டரின் சீட் இரண்டு கிடைத்தது. 1989இல் வந்த அந்தக் காரை பழைய ஆங்கில ரோட்ஸ்டர்களை மனதில் வைத்துத்தான் ஜப்பான்காரர் செய்தார்கள். அதன் சீட் எம்.ஜி.பி.க்குள் கிட்டத்தட்ட அளவாகவே உட்காரும் என்று பலரும் செய்து பார்த்திருக்கிறார்கள். அளவு சரிதான், உயரம் மட்டும் சரியில்லை. தண்டவாளத்தை வெட்டி இறக்கி, தரையில் தகடு வைத்துப் பலப்படுத்தி, பொல்ட் போட்டேன். லிந்துல குஷன் பாஸ் மிஸ்ஸை உட்கார வைத்து, இடுப்புக்குப் பின்னால் கையை வைத்து அளந்து, நுரையைச் செதுக்கினார். மேலே பழைய காரின் கறுப்புத் தோல் மாதிரியே தைத்தார். தோள் பெல்ட் மாட்டினோம். பெரிய பழைய ஸ்டியரிங்கை மாற்றச் சொன்னார்கள். சிறியது போட்டால் முழங்காலுக்கு இடம் கிடைக்கும், ஆனால் நின்ற இடத்தில் திருப்ப மிஸ்ஸின் தோளுக்குப் பாரம். பழையதையே விட்டேன். அந்தக் காலத்தில் ஹீட்டருக்குத் தனிக்காசு. இலங்கைக்கு எதற்கு ஹீட்டர் என்று யாரோ அதை எடுத்தும் விட்டிருந்தார்கள். டயகமவில் மார்கழி இரவில் கண்ணாடி மூடிக்கொள்ளும்போது அது உயிர். மூன்று மாதம் தேடி ஒன்றைப் பூட்டினேன்.

வேலை முடிகிற நேரத்தில் நாட்டில் பெற்றோல் இல்லாமல் போனது. 2022 ஆடியில் கியூ.ஆர். கோட் வந்து, கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து கிடைத்த பெற்றோலில்தான் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு ஓட்டத்தையும் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்து ஓட்டினேன். அதுவும் நல்லதுக்குத்தான்.

கடைசி ஓட்டத்துக்கு அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். எழுபத்தெட்டு வயது. தலையில் மப்ளர், மடியில் குடை. அக்கரப்பத்தனை வரை போய்த் திரும்பினோம். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை; கையைக் கதவின் மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி வந்தார். முடக்கெல்லாம் நன்றாக இருந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன்.

கராஜில் இறங்கியதும் அவர் பின்பக்கம் போய், மட்கார்ட்டின் மேல் இரண்டு விரலை வைத்து மெதுவாகத் தட்டினார். கார் அசையவில்லை. உள்ளங்கையால் அமுக்கினார், சட்டென்று இறங்கி எழுந்தது.

"பெரிய அடிக்கு வேலை செய்யுது. சின்ன அடிக்கு அசையலையேடா. பட்டைக்கு நடுவுல என்ன வச்ச?"

கொல்லர் வில்லைச் சூடு காட்டாமல் தட்டி வளைத்துத் தந்ததை அப்படியே பூட்டியிருந்தேன். பட்டைகளைப் பிரித்துப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் வைக்கலப்பா."

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. இதுல கொழுந்து ஏத்துனா அடியில இருக்கிற சாக்கு சிவந்துரும்."

மறுநாள் காலை தோட்டத்தில் ஆள் எண்ணுகிற பிரட்டுக்கு மணி அடிக்கிற நேரத்தில் காரை ஜாக்கியில் ஏற்றினேன். யூ பொல்ட்டைக் கழற்றி, இரண்டு வில்லையும் இறக்கி, நடு பொல்ட்டை எடுத்துப் பட்டைகளைத் தனித்தனியாகப் பரப்பினேன். ஒவ்வொன்றின் நுனியிலும் துரு அடுத்த பட்டையில் பல் போலப் பதிந்திருந்தது. அப்பா ஒரு பெட்டியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கம்பிப் பிரஷ்ஷைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் தேய்த்துத் தரத் தர, நான் கிரபைட் கிரீஸ் பூசி அடுக்கினேன்.